மே மாதத்தில் மனை பார்க்காதீர்கள்

தாம்பரத்துக்கு மேற்கே முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் வீட்டுமனை தேடுகிறவர்கள் செய்கிற பெரிய தவறு, கோடையில் போய்ப் பார்ப்பதுதான். மே மாதத்தில் ஏரிகூட விளையாட்டு மைதானம் மாதிரித்தான் தெரியும். 2015 டிசம்பரில் அடையாறு பெருகியபோது இந்த ஊர்களில் படகு விட்டுத்தான் ஆட்களை மீட்டார்கள். அதனால் ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை கொட்டி ஓய்ந்த மறுநாள் போங்கள், தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வருகிறது, எங்கே போய் வடிகிறது என்று நின்று பாருங்கள், பழைய வீட்டுச் சுவர்களில் தண்ணீர் நின்ற கறை எவ்வளவு உயரம் என்று பாருங்கள். புரோக்கரை நம்பாமல், பத்துப் பதினைந்து வருடமாக அங்கே கடை வைத்திருப்பவரிடம் கேளுங்கள்.

பத்திரம் பதிவாகிவிட்டால் போதும் என்று நினைப்பது அடுத்த தவறு. மனைப்பிரிவுகளுக்கு அனுமதி தரும் அரசு அமைப்புகளான சிஎம்டிஏ அல்லது டிடிசிபி அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். அங்கீகாரம் இல்லாத மனைகளை முறைப்படுத்த 2017-இல் வந்த வரன்முறைத் திட்டம்கூட 20.10.2016-க்குள் ஒரு மனையாவது பதிவாகியிருந்த மனைப்பிரிவுகளுக்குத்தான். நீர்நிலையில் விழும் மனைக்கு அதுவும் கிடையாது. கிராம வரைபடத்தில் சர்வே எண்ணைத் தேடி, பக்கத்தில் ஓடையோ வாய்க்காலோ போகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

சரி, வாங்கியாச்சு. வீடு கட்டும்போது பேஸ்மென்ட் உயரத்தை இன்றைய சாலை மட்டத்தை வைத்துக் கணக்குப் போடாதீர்கள், ஒவ்வொரு முறை சாலை போடும்போதும் அது உயரும். ஆனால் உயர்த்துகிறேன் என்று வாசல் சாய்தளத்தால் கால்வாயை அடைத்தால் பக்கத்து வீட்டில் தண்ணீர் புகும், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கழிவுநீர்த் தொட்டியும் அப்படித்தான். செலவு குறையும் என்று சிமென்ட் உறை இறக்கி அடியைப் பூசாமல் விடுகிறார்கள். அரை கிரவுண்டு மனையில் உங்கள் போர்வெல், பக்கத்து வீட்டு போர்வெல், இரண்டு தொட்டிகள் எல்லாமே சில அடி தூரத்தில்தான் இருக்கும், அந்தக் கழிவு இறங்குவது நீங்களும் அவர்களும் குடிக்கிற தண்ணீரில். அடியையும் சுவரையும் நன்றாகப் பூசி, நிரம்பினால் லாரி வைத்து எடுங்கள்.

'தாம்பரம் 20 நிமிடம்' என்ற விளம்பரத்தை, திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு நீங்களே போய்ச் சோதியுங்கள்.

அப்புறம் பாம்பு. மீந்த செங்கல்லையும் மரச்சட்டங்களையும் சுவரோரம் குவித்து வைக்காதீர்கள், எலி வரும், பின்னாலேயே பாம்பும் வரும். கண்டால் அடிக்கப் போகாமல் தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள். கடித்துவிட்டால் இறுக்கிக் கட்டாமல், கீறாமல், நேரம் கடத்தாமல் 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.