மாஸ்கோவை வீழ்த்த ஒரு போர் போதாது: ரஷ்ய மாற்று வரலாறு எழுதுவோர் சறுக்கும் இடங்கள்

1317 டிசம்பரில் போர்த்தெனேவோ கிராமத்தருகே மாஸ்கோவின் இளவரசர் யூரியை, அதன் போட்டி நகரான ட்வேரின் இளவரசர் மிகயீல் யாரஸ்லாவிச் தோற்கடித்தார். ஓராண்டு முடிவதற்குள், 1318 நவம்பர் 22 அன்று, மங்கோலிய கானின் முகாமில் மிகயீல் கொல்லப்பட்டார். களத்தில் வென்றவர் உயிரை இழந்தார். தப்பி ஓடியவரிடம், ரஷ்ய இளவரசர்களில் முதன்மையைக் குறித்த விளாதிமிர் மகா இளவரசர் பட்டம் நிலைத்தது. "ட்வேர் ஒரு பெரும்போரில் ஜெயித்தது, மாஸ்கோ ஒழிந்தது" என்று மாற்று வரலாற்றை, அதாவது நடந்ததை மாற்றிக் கற்பனை செய்யும் கதையை, தொடங்குவோர் மறந்துவிடுவது இதைத்தான். ட்வேர் உண்மையாகவே ஜெயித்தது. அந்த வெற்றியே அதற்கு வினையாயிற்று.

பட்டத்தைக் கொடுத்தது வாள் அல்ல, யார்லிக். அதாவது ரஷ்ய இளவரசர்களிடம் கப்பம் வாங்கிய மங்கோலிய அரசான தங்க நாடோடிக் கூட்டத்தின் கான் சராய் நகரிலிருந்து வழங்கிய உரிமைப் பட்டயம். யூரி கான் உஸ்பெக்கின் தங்கை கொஞ்சகாவை மணந்து, பட்டயத்தோடும் கவ்காதி என்ற தூதரோடும் திரும்பியிருந்தார். போரில் சிறைபிடிக்கப்பட்ட கொஞ்சகா ட்வேரில் இறந்துபோனார். மிகயீல்மேல் விழுந்த குற்றச்சாட்டுகள் மூன்று: கப்பத்தை முழுதாகக் கட்டவில்லை, கானின் தூதரை எதிர்த்துப் போரிட்டார், கொஞ்சகாவைக் கொன்றார். உங்கள் கதையில் கொஞ்சகா பிழைத்துக்கொள்கிறார் என்றே வைத்துக்கொள்வோம். ஒரு குற்றச்சாட்டுதான் விழுகிறது. மற்ற இரண்டும் அப்படியே நிற்கின்றன. கப்பப் பாக்கியை யார் தீர்த்தார், சராயில் மிகயீலுக்காகப் பரிந்து பேசியவர் யார் என்பதையும் எழுதினால்தான் அவர் உயிரோடு ஊர் திரும்புவதை வாசகர் நம்புவார்.

1318-ஐ இறுதித் தீர்ப்பாக எடுத்துக்கொள்வதும் பிழை. 1322-லேயே பட்டம் ட்வேருக்குத் திரும்பிவிட்டது. உண்மையான திருப்பம் 1327 ஆகஸ்ட் 15. கானின் உறவினரான சோல்கான் படையோடு ட்வேரில் தங்கியிருந்த சமயம் அது. தூத்கோ என்ற பட்டப்பெயர் கொண்ட ஒரு திருத்தொண்டர், கொழுத்த இளம் பெண்குதிரை ஒன்றை வோல்காவில் தண்ணீர் காட்ட ஓட்டிப்போனார். சோல்கானின் படையினரான தாத்தாரியர் அதைப் பறித்தார்கள். அவர் போட்ட கூச்சலில் ஊரே திரண்டது. சோல்கான் உட்படத் தாத்தாரியர் கொல்லப்பட்டனர். அந்தக் குளிர்காலத்தில் மாஸ்கோவின் இவான் கலிதா கானின் படையோடு வந்து ட்வேர் நாட்டைச் சூறையாடினார். மாற்று வரலாற்றுக்கு ஆயிரம் வீரர்களைக் கூட்டுவதைவிட அந்தக் குதிரையை வேறு துறைக்கு ஓட்டிவிடுவது நல்ல தொடக்கம் என்பேன். காரணம் சிறியது, விளைவு பெரியது, சான்றும் உண்டு.

அதற்குப் பின்னும் கான் சும்மா இருக்கமாட்டார். 1328-ல் உஸ்பெக் மகா இளவரசர் நிலத்தை இரண்டாக்கி, ஒரு பாதியைக் கலிதாவுக்கும் மறுபாதியை சூஸ்தாலின் அலெக்சாந்தருக்கும் கொடுத்தார். ஒருவர் கை ஓங்கினால் இன்னொருவரைத் தூக்கிவிடுவதே சராயின் வழக்கம். உங்கள் ட்வேர் வலுத்தால் அதற்கெதிராக யாரைக் கான் கொம்பு சீவுவார் என்ற கேள்வி கட்டாயம் வரும்.

நோவ்கோரோதைப் பற்றி எழுதுவோர் அதன் நகர மக்கள் பேரவையையும் அதைக் கூட்டும் மணியையும் பார்த்து மயங்கி, சோற்றை மறந்துவிடுகிறார்கள். அணில் தோலும் தேன்மெழுகும் விற்றுச் செழித்த நகரம் அது. ஆனால் விளைச்சல் குறைந்த ஆண்டுகளில் தெற்கிலிருந்து தானியம் வந்தாக வேண்டும். அது வரும் வழியில் தோர்ஷோக் என்ற ஊர் இருந்தது. 1312-ல் மிகயீல் தோர்ஷோக்கைப் பிடித்துத் தானியத்தை நிறுத்தினார். நோவ்கோரோத் 1500 கிரிவ்னா வெள்ளி கொடுத்துச் சமாதானம் செய்துகொண்டது. ஆகவே நோவ்கோரோதை வல்லரசாக்க விரும்பினால் முதலில் தோர்ஷோக்கை அதன் கையில் உறுதியாக வையுங்கள், பிறகு நிலையான ஒரு படையைக் கொடுங்கள். 1471-ல் ஷெலோன் ஆற்றங்கரையில் அதன் நகரப்படை மாஸ்கோவிடம் சிதறியது. 1478-ல் பேரவை மணியே மாஸ்கோவுக்குப் போய்விட்டது.

திருச்சபையையும் விட்டுவிடக்கூடாது. இந்த இளவரசர் நிலங்களையெல்லாம் உள்ளடக்கிய ருஸ் நாடு முழுமைக்கும் தலைமைப் பேராயர் ஒருவர். அவரை நியமித்தது கான்ஸ்தாந்திநோபிள். பேராயர் பியோத்தர்மேல் ட்வேரின் ஆயர் குற்றம் சுமத்தினார். பியோத்தரோ மாஸ்கோவை நாடினார். 1326-ல் அங்கேயே இறந்து அடக்கமானார். அவரோடு ட்வேர் சுமுகமாகப் போயிருந்தால் என்று ஒரு தனிக்கதையே எழுதலாம்.

லித்துவேனியாவை அந்நிய எதிரியாக மட்டும் காட்டுவது இன்னொரு தவறு. அதன் குடிகளில் பெரும்பாலோர் ஆர்த்தடாக்ஸ் ஸ்லாவியர். அரசு ஆவணங்கள் எழுதப்பட்டதும் அவர்கள் மொழியில்தான். லித்துவேனியாவின் ஆட்சியாளர் அல்கிர்தாஸ் ட்வேரின் மருமகன். 1368, 1370, 1372 என மும்முறை மாஸ்கோமேல் படையெடுத்தார். ருஸ் நாட்டை ஒன்றுசேர்க்கத் தகுதியுள்ள போட்டியாளர் லித்துவேனியா. 1385-ன் கிரேவா உடன்படிக்கையால் அல்கிர்தாஸின் மகன் யோகைலா போலந்து அரசியை மணந்து கத்தோலிக்கரானது அந்தப் பாதையைத் திருப்பியது. அவர் மாஸ்கோ இளவரசர் மகளை மணந்து ஆர்த்தடாக்ஸாகும் பேச்சும் அதற்குச் சற்று முன் நடந்தது.

வாரிசுகளை எண்ணாமல் எழுதக்கூடாது. மகன்கள் கூடினால் நிலம் துண்டாகும். 1353-ல் கொள்ளைநோய் மாஸ்கோ குடும்பத்தில் பலரைக் கொண்டுபோனது. அதனால் சொத்து சிதறாமல் தங்கியது. ட்வேரிலோ கஷின் ஊரை ஆண்ட குடும்பக் கிளை பிரிந்து, உறவுகளுக்குள்ளேயே சண்டை மூண்டது.

கடைசியாக, சொல்லும் தேதியும். அக்காலத்து ஏடுகளில் "த்சார்" என்றால் பெரும்பாலும் கான் அல்லது பைசாந்தியப் பேரரசர். அந்தப் பட்டத்தோடு முடிசூடிய முதல் மாஸ்கோ அரசர் நான்காம் இவான், 1547-ல். கலிதாவின் கிரெம்ளினுக்குச் சிவப்புச் செங்கல் சுவர் கிடையாது. அவர் கட்டியது ஓக் மரத்தால். வெள்ளைக்கல் வந்தது 1367-ல். ஏடுகள் ஆண்டை உலகப் படைப்பிலிருந்து எண்ணின; 6835 என்றிருந்தால் 5508 கழித்து 1327 எனக் கொள்ளலாம். ஆனால் ஆண்டு மார்ச்சில் தொடங்கியதால் ஜனவரி, பிப்ரவரி நிகழ்வுகளுக்கு 5507 மட்டுமே கழிக்க வேண்டும். சில ஏடுகள் ஆண்டை முந்தைய மார்ச்சிலேயே தொடங்கிவிடுகின்றன; அங்கே இரண்டு எண்களிலும் ஒன்றைக் கூட்டிக்கொள்ளுங்கள்.