வால்நட் கட்டையும் அவசரக்காரர்களும்

போன ஞாயிறு சுடும் கழகத்து மேசையில் ஒரு தம்பி துண்டு விரித்து, குழந்தையைக் கிடத்துவது போல, தன் ரைஃபிளின் புது வால்நட் கட்டையை, அதாவது இரும்பைத் தாங்கித் தோளில் படும் மரப் பாகத்தை, கிடத்தியிருந்தான். எண்ணெய் பூசிப் பூசித் தேய்த்ததில் முகம் பார்க்கலாம் போல இருந்தது. "எப்படி இருக்கு அங்கிள்?" என்றான். அழகாகத்தான் இருந்தது. "இத இத்தனை நாள் எங்க வெச்சிருந்த?" என்று கேட்டேன். "வீட்டு முன்னாலதான் அங்கிள், காத்தாட, ரெண்டு வாரமா. இன்னைக்கு மாட்டிடலாம்ல?" எனக்கு வயிற்றைக் கலக்கியது. பதினோரு வருடத்துக்கு முன்னால் அதே மேசையில், அதே மாதிரி, நானும் இப்படித்தான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

நான் துப்பாக்கி மெக்கானிக் இல்லை. மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் பிறந்து, ரப்பர் மரத் தளவாடத் தொழிற்சாலையில் சூளைப் பிரிவில் இருபது வருடம் மரம் உலர்த்தியவன். எங்கள் சுடும் கழகத்தின் .22 ரைஃபிள்களுக்குக் கட்டை வேலை வந்தால் என்னைக் கூப்பிடுவார்கள். இரும்புப் பாகம் ஆயுத அறையை விட்டு வெளியே வராது, மரம் மட்டும்தான் என் வீட்டுக்கு வந்து போகும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும் கதையே இதில்தான் இருக்கிறது.

உளி வழுக்கியது, உப்புத்தாள் அதிகம் தேய்த்தது மாதிரியான சில்லறைத் தவறுகளை விட்டுவிடுகிறேன், அவை தானாகப் புத்தி சொல்லும். ரைஃபிள் காலியா என்றும் கேட்கப்போவதில்லை. தோட்டாவைத் தள்ளிப் பூட்டும் போல்ட்டைக் கழற்றித் தனியாக வைக்காதவரோடு நான் ஒரே மேசையில் உட்காருவதில்லை.

மரத்துண்டுதானே என்று நினைப்பது

வெளிநாட்டிலிருந்து கட்டையைத் தருவிக்கும் முன் உரிமம் பெற்ற டீலரிடம் போய்க் கேளுங்கள். இந்த நாட்டில் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் இருக்கிறது, 1971இல் வந்த கூடுதல் தண்டனைச் சட்டமும் இருக்கிறது. சுங்கத்துறைக் கவுண்டரில் "இது வெறும் மரம்தான் சார்" என்று விளக்கிக்கொண்டு நிற்கும் நிலை உங்களுக்கு வேண்டாம்.

ஒரு திருகு வீடியோவைப் பார்த்து இரண்டு திருகு வேலை செய்வது

இணையத்தில் கட்டை மாற்றும் வீடியோ தேடினால் பாதிக்கு மேல் ரூகர் 10/22தான் வரும். 1964இலிருந்து விற்கிற ரைஃபிள், அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு இருக்கும் போல. அதில், தோட்டாவை ஏற்றிச் சுடும் இரும்புப் பாகமான ஆக்‌ஷனைக் கட்டையோடு பிடிப்பது ஒரே ஒரு திருகு. கழற்றுகிறார், புதிதை மாட்டுகிறார், பத்து நிமிடத்தில் வீடியோ முடிகிறது. நம் கையில் இருப்பதோ முன்னால் ஒன்று பின்னால் ஒன்று என்று இரண்டு திருகு உள்ள போல்ட் ரைஃபிள். இரண்டு திருகு என்றால் ஆக்‌ஷன் உட்காரும் தளம் நேராக இருந்தாக வேண்டும். நடுவில் ஒரு மேடு இருந்தால் போதும், இரண்டு பக்கமும் இறுக்கும்போது ஆக்‌ஷன் வில் மாதிரி வளையும். கண்ணுக்குத் தெரியாது, சுடும் இலக்குத் தாளில் தெரியும்.

சோதிப்பது சுலபம். பின் திருகு இறுக்கமாக இருக்கட்டும், முன் திருகை மெதுவாகத் தளர்த்துங்கள். இன்னொரு கையின் விரலைக் குழலுக்கும் கட்டை நுனிக்கும் நடுவில் வைத்துக்கொள்ளுங்கள். விரலில் ஏதாவது அசைந்தால் தளம் சரியில்லை, திரும்பவும் உளியை எடுங்கள்.

கரி ஒட்டாத இடத்தைச் சுரண்டுவது

இரும்பு உட்காரும் பள்ளம் செதுக்க நான் குத்துவிளக்குக் கரியை வாசலினில் குழைத்து இரும்பில் மெல்லிசாகத் தடவுவேன். இரும்பை மரத்தில் நேராக இறக்கி, நேராகத் தூக்கினால் எங்கே இடிக்கிறதோ அங்கே மட்டும் கறுப்பு ஒட்டியிருக்கும். அதை மட்டும் ஒரு சீவல் எடுக்க வேண்டும். திரும்ப இறக்கு, திரும்ப தூக்கு, திரும்ப ஒரு சீவல். முதல் முறை எனக்கு அறுபது தடவைக்கு மேல் ஆனது. புதிதாக வருபவர்களுக்கு இருபதாவது தடவையில் பொறுமை போய்விடும், "இங்கயும் கொஞ்சம் எடுத்தா சுலபமா இறங்கிடும்" என்று கறுப்பில்லாத இடத்தில் கை வைப்பார்கள். இறங்கும்தான். இறங்கி லொடலொட என்று ஆடும்.

மரத்தை வீட்டில் பழக்குவது

இதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். மற்றதெல்லாம் வழியில் வந்தது.

புதுக் கட்டையைப் பெட்டியிலிருந்து எடுத்த அன்றே மாட்டக்கூடாது, சில வாரம் ஊர்க் காற்றுக்குப் பழக விட வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். சரிதான். வெளிநாட்டில் சூளையில் 6, 8 விழுக்காடு ஈரத்துக்கு உலர்த்தி அனுப்பும் மரம், மழையும் வெக்கையும் மாறி மாறி அடிக்கும் நம் ஊரில் திறந்து வைத்தால் காற்றிலிருந்து ஈரத்தைக் குடித்து 15 விழுக்காட்டுப் பக்கம் போய் நிற்கும். இது எனக்குப் பாடம் எடுக்கிற அளவுக்குத் தெரிந்த விஷயம், சம்பளம் வாங்கியதே இதற்குத்தான். அதனால் ரொம்பப் பெருமையாக என் கட்டையை வீட்டுக்குக் கொண்டுவந்து, பலகை வீட்டின் உத்தரத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டு, ஆறு வாரம் பழக்கினேன். அக்டோபர், நவம்பர் மாதம், சாயங்காலம் ஆனால் மழை. அப்புறம் கழகத்துக்கு எடுத்துப் போய், நாலு ஞாயிறு உட்கார்ந்து, இரும்புக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு தாள் கூட நுழையாதபடி செதுக்கி மாட்டினேன். பார்த்தவர்கள் எல்லோரும் தட்டிக்கொடுத்தார்கள். 50 மீட்டரில் பத்துத் தோட்டா 18 மில்லிமீட்டருக்குள் விழுந்தது. அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை, சந்தோஷத்தில்.

இதில் ஓட்டை எங்கே என்று கண்டுபிடித்துவிட்டீர்களா? நான் மரத்தைப் பழக்கியது என் வீட்டுக் காற்றுக்கு. ரைஃபிள் வாழ்வது கழகத்து ஆயுத அறையில். இரும்பு துருப்பிடிக்கக்கூடாது என்று அங்கே இரவு பகலாக ஈரம் உறிஞ்சும் இயந்திரம் ஓடுகிறது. அந்த மாதிரி அறையில் மரம் 9 விழுக்காட்டுப் பக்கம் இறங்கிவிடும். ஆறு வாரம் பாடுபட்டு ஈரம் குடிக்க வைத்த மரத்தை, இரும்போடு இறுகப் பூட்டி, காயப்போடும் அறைக்குள் நானே அனுப்பி வைத்திருக்கிறேன். ஈரம் குடித்து உப்பிய மரத்தைச் சூளைக்குள் தள்ளினால் என்ன ஆகும் என்று தொழிற்சாலையில் புதுப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான்.

என்ன ஆனது என்றால், முதல் மாதம் ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது மாதம் தாளில் தோட்டா விழுந்த ஓட்டைகள் மேலும் கீழுமாக நீள ஆரம்பித்தன. திருகைத் தொட்டுப் பார்த்தேன், தளர்ந்திருந்தது. இறுக்கினேன். இரண்டு வாரத்தில் திரும்பத் தளர்ந்தது. திரும்ப இறுக்கினேன். திருகில்தான் கோளாறு என்று நினைத்துப் புதுத் திருகு வேறு தேடினேன், மடையன். திருகு அப்படியேதான் இருந்தது, ஆக்‌ஷனுக்கும் விசையைச் சுற்றியிருக்கும் விசைக்காப்புக்கும் நடுவே நசுங்கிக்கொண்டிருந்த மரம்தான் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக உயரம் குறைந்துகொண்டே இருந்தது. நான் இறுக்க இறுக்க, அது இன்னும் நசுங்கியது.

கணக்காகப் பாருங்கள். கறுப்பு வால்நட் பச்சை மரத்திலிருந்து எலும்பாகக் காயும் வரை, ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில் 7.8 விழுக்காடு சுருங்கும், குறுக்கே 5.5. இது 30 விழுக்காட்டு ஈரத்திலிருந்து பூஜ்யம் வரைக்கும். அதில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 15லிருந்து 9க்கு இறங்கினால், 45 மில்லிமீட்டர் அகலமுள்ள கட்டை அரை மில்லிமீட்டருக்கு மேல் குறுகும். நான் தாள் நுழையாதபடி செதுக்கியிருந்தேன் என்று சொன்னேனே. ஒரு தாள் 0.1 மில்லிமீட்டர். இரும்பு விட்டுக்கொடுக்காது, மரம் சுருங்கியே தீரும். ஒரு சனிக்கிழமை காலை ஆயுத அறைப் பொறுப்பாளர் என்சிக் (மலாயில் ஐயா) ஒரு வார்த்தை பேசாமல் ரைஃபிளைத் திருப்பி, ஆக்‌ஷனின் பின்நுனி வால் உட்காரும் இடத்துக்குப் பின்னால் விரலை வைத்துக் காட்டினார். தலைமுடி மாதிரி ஒரு கோடு, பிடியை நோக்கி இரண்டு அங்குல நீளம். நகத்தால் தடவினால் நகம் மாட்டியது.

.22 தோட்டா உதைக்கவே உதைக்காது, அதனால் கட்டை வெடிக்காது என்று நினைக்கிறார்கள். என் கட்டையை உதை வெடிக்க வைக்கவில்லை. யாரும் சுடாமல், பூட்டிய அறையில், சுவரோரம் நின்றபடியே அது வெடித்தது.

கட்டை விலை, கப்பல் கூலி, டீலருக்குக் கொடுத்தது எல்லாம் சேர்த்து 2,000 வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் போட்டிருந்தேன். வீட்டில் முழுத் தொகையைச் சொல்லவில்லை, இன்னும் சொல்லவில்லை. பசையை இறக்கி, இறுகக் கட்டி, ஒட்டிவிட்டேன், இன்று வரை தாங்குகிறது, ஆனால் ஒவ்வொரு முறை கன்னத்தை வைக்கும்போதும் அந்தக் கோடு கண்ணுக்கு நேராக இருக்கிறது. இதில் எனக்கு ஆத்திரம் வருவதற்குக் காரணம் பணம் இல்லை. ஈரம் அளக்கும் மீட்டர் என் வீட்டு அலமாரியிலேயே இருந்தது. அறைக்குள் போய் அங்கே கிடக்கும் ஏதாவது ஒரு பழைய கட்டையில் ஊசியைக் குத்திப் பார்த்திருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

இப்போது செய்வது இதுதான். ரைஃபிள் எங்கே தூங்குமோ மரமும் அங்கேயே தூங்க வேண்டும், எண்ணெய் தொடாமல், வெறும் மரமாக. கழக அறையிலேயே தொங்கவிடச் சொல்லி அனுமதி வாங்குகிறேன். மீட்டர் இல்லாவிட்டால் சமையலறைத் தராசு போதும். வாரம் ஒரு தடவை நிறுத்து, கட்டையிலேயே பென்சிலால் எழுதிவிடுவேன். வீட்டில் ஊறிய ஒரு கட்டை 1,040 கிராமில் தொடங்கி ஐந்தாவது வாரம் 990க்கு வந்தது. அந்த 50 கிராமும் வெறும் தண்ணீர். அடுத்தடுத்த மூன்று வாரம் எடை நகராமல் நின்றால்தான் உளியை எடுப்பேன். வாலுக்குப் பின்னால் அரை மில்லிமீட்டர் இடைவெளி விடுவேன், தாள் நுழையாத வேலை அந்த இடத்தில் வேண்டாம். திருகு போகும் இரண்டு இடத்திலும் பித்தளைக் குழாய்த் துண்டு செருகி ஒட்டுவேன், அப்புறம் மரம் உயரம் குறைந்தாலும் ஆக்‌ஷனும் விசைக்காப்பும் பித்தளையைத்தான் கவ்விக்கொண்டிருக்கும். திருகை, இறுக்கத்தை அளக்கும் டார்க் ஸ்க்ரூடிரைவரில் 20 இன்ச்-பவுண்டு அளவில் தொடங்கி, தயாரித்தவர் சொன்ன அளவுக்கு மேலே போகவே மாட்டேன்.

உங்கள் ரைஃபிள் வேறு மாதிரி இடத்தில் இருந்தால், இயந்திரம் இல்லாத சாதாரண அறை என்றால், கணக்கு நேர் எதிராகப் போகும், மரம் உப்பும். அப்போதும் விதி அதேதான்.

வெளியே மட்டும் பூசுவது

தம்பியின் கட்டையைத் திருப்பிப் பார்த்தேன். வெளியே பன்னிரண்டு பூச்சு, உள்ளே பள்ளத்தில் ஒன்றும் இல்லை, வெறும் மரம். எண்ணெய் ஈரத்தைத் தடுத்து நிறுத்தாது, தாமதப்படுத்தும், அவ்வளவுதான். ஒரு பக்கம் தாமதம், இன்னொரு பக்கம் திறந்த வாசல் என்றால் கட்டை நுனி ஒரு பக்கமாகச் சாயும். மாட்டிய அன்று குழலுக்குக் கீழே ஒரு வெள்ளி நோட்டு தாராளமாக ஓடும், இரண்டு மாதத்தில் பாதியில் சிக்கும். எனவே பள்ளம், திருகு ஓட்டை, முக்கியமாகத் தோளில் படும் பின்தகட்டுக்கு அடியில் இருக்கும் வெட்டுமுகம், எல்லாவற்றுக்கும் வெளியே பூசியதே உள்ளேயும். ஆனால் செதுக்கி முடித்த பிறகு. காய்ச்சாத ஆளி எண்ணெய் வேண்டாம், நம் ஊரில் பூஞ்சை பிடிக்கும். டங் எண்ணெய் நல்லது.

எப்பாக்ஸி

பள்ளத்தில் எப்பாக்ஸிப் பசை ஊற்றி இரும்பை உட்கார வைப்பதென்றால், இரும்பில் மெழுகு தடவாமல் ஊற்றாதீர்கள், ஒட்டிக்கொள்ளும். திருகின் புரியிலும் தடவுங்கள்.

எண்ணெய்த் துணி

ஆளி எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போட்டால் அது தானாகவே தீப்பிடிக்கலாம். விரித்து வெளியில் காயப்போடுங்கள், இல்லை தண்ணீரில் அமுக்குங்கள்.

நீளம்

அமெரிக்க ஆளுக்கு அளந்த கட்டை நம் பிள்ளைகளுக்கு நீளம்தான், வெட்ட வேண்டியிருக்கும். டீ-ஷர்ட்டில் அளந்து வெட்டிவிட்டுப் போட்டியன்று தடித்த ஜாக்கெட்டோடு வந்து தோளில் வைத்தால் இன்னொரு பாதி அங்குலம் நீளமாகத் தெரியும், அதற்காகத் திரும்ப வெட்டினால் ஜாக்கெட் இல்லாதபோது குட்டையாகிவிடும். எதைப் போட்டுச் சுடுவீர்களோ அதைப் போட்டு அளந்துவிட்டு, ரம்பத்தை எடுங்கள்.

தம்பி அன்றே வெட்டவும் தயாராகத்தான் வந்திருந்தான், பையில் ரம்பம் இருந்தது. "ஜாக்கெட்டோட வா, அப்புறம் பாக்கலாம்" என்றேன். "எப்ப அங்கிள்?" என்றான். எண்ணெய் பூசிவிட்டதால் அவன் கட்டை காய இன்னும் நாளாகும், எட்டு வாரமோ பத்து வாரமோ. முகம் தொங்கிப்போனது. ஆனாலும் தராசைக் கொண்டுவரச் சொன்னதும் அவனே வைத்துப் பார்த்து, அவனே பள்ளத்துக்குள் பென்சிலால் எழுதினான். 1,062.