எந்த நாட்டுக்கு மாஸ்டர்ஸ் போவது? முதலில் திரும்பி வரும் கணக்கைப் போடுங்கள்

இன்ஜினியரிங் கடைசி வருடம் வந்தாலே வீட்டில் ஆரம்பித்துவிடுவார்கள். பெரியப்பா பையன் ஜெர்மனியில் இருக்கிறான், எதிர் வீட்டுப் பெண் அயர்லாந்து போய்விட்டாள், நீ எங்கே என்று. நீங்களும் யூடியூபைத் திறந்து 'ஜெர்மனியா யுகேயா' என்று தேட ஆரம்பிப்பீர்கள். கொஞ்சம் நில்லுங்கள். நாட்டைப் பார்ப்பதற்கு முன்னால் ஒரு தாளை எடுத்து லோன் தொகையை எழுதுங்கள், பக்கத்திலேயே மாதத் தவணையை எழுதுங்கள், அதற்குக் கீழே இந்தக் கேள்வியை எழுதுங்கள்: அங்கே வேலை கிடைக்காமல் சென்னைக்கோ கோவைக்கோ திரும்பி வந்தால், இங்கே கிடைக்கிற சம்பளத்தில் இதைக் கட்ட முடியுமா?

40 லட்சம் லோன், 11 சதவீத வட்டி, 10 வருடம் என்றால் மாதத் தவணை 55,000 ரூபாயைத் தாண்டும். படிக்கும்போது வட்டியைக் கட்டாமல் விட்டால் அது வேறு, முழுத் தொகையும் வாங்கிய பிறகு வருடத்துக்கு 4.4 லட்சம் ஏறிக்கொண்டே இருக்கும். இதே கணக்கில் 15 லட்சம் லோனுக்குத் தவணை சுமார் 20,700. 40 லட்சத்துக்கான தவணையைக் கட்ட அங்கேயே வேலை கிடைத்தாக வேண்டும். 15 லட்சத்துக்கானதை அம்பத்தூரில் வேலை பார்த்துக்கொண்டே கட்டிவிடலாம். என்னைப் பொறுத்தவரை நாடுகளுக்குள் இருக்கிற பெரிய வித்தியாசம் இதுதான், மற்றதெல்லாம் அப்புறம்.

சரி, ஜெர்மனி. அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கல்விக் கட்டணம் இல்லை, செமஸ்டருக்குச் சில நூறு யூரோ வரை நிர்வாகக் கட்டணம் மட்டும். 'ஜெர்மனி இலவசம்' என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லவும் முடியாது: பாடன்-வுர்ட்டம்பர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருகிறவர்களுக்குச் செமஸ்டருக்கு 1,500 யூரோ, மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் மாஸ்டர்ஸுக்குச் செமஸ்டருக்கு 4,000 முதல் 6,000 யூரோ. வாழ்க்கைச் செலவுக்காக 11,904 யூரோவை பிளாக்ட் அக்கவுண்டில் முன்கூட்டியே போட வேண்டும், அங்கே போன பிறகு மாதம் 992 யூரோ உங்கள் கைக்கு வரும். அது உங்கள் பணம்தான், ஆனால் விசாவுக்கு முன்பே முழுதாக அங்கே இருக்க வேண்டும். சில வங்கிகள் கல்லூரிக் கட்டணத்துக்குத்தான் லோன் தருவோம் என்று முரண்டு பிடிக்கும், அதனால் பிளாக்ட் அக்கவுண்டுக்குப் பணம் அனுப்புவீர்களா என்பதை மேனேஜரிடம் முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

இவ்வளவு மலிவாக இருந்தும் எல்லோரும் ஜெர்மனி போகாததற்கு மதிப்பெண் ஒரு காரணம். உங்கள் சிஜிபிஏவை அவர்கள் தங்கள் அளவுக்கு மாற்றிக்கொள்வார்கள், அங்கே 1 தான் உச்சம், 4 என்றால் வெறும் பாஸ். பத்துக்கு 7.5 எடுத்து, தேர்ச்சிக்கு 5 போதும் என்று இருந்தால், 10-லிருந்து 7.5-ஐக் கழித்து, வந்த 2.5-ஐ 5-ஆல் வகுத்து, 3-ஆல் பெருக்கி, 1 கூட்டினால் 2.5 வரும். நிறையப் படிப்புகளில் கதவு அந்த 2.5-லேயே மூடிவிடும். இன்னொன்று பாடப் பொருத்தம். மெக்கானிக்கல் முடித்துவிட்டு டேட்டா சயின்ஸ் கேட்டால், கணிதத்தில் எத்தனை கிரெடிட், புரோகிராமிங்கில் எத்தனை என்று எண்ணிப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். துறை மாற நினைக்கிறவர்களுக்கு யுகே, அயர்லாந்தில் அதற்கென்றே கன்வெர்ஷன் படிப்புகள் உண்டு.

மொழியையும் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்திலேயே படித்து முடித்துவிடலாம், வேலை தேடும்போதுதான் ஜெர்மன் தெரியாதது உறைக்கும். படிப்பு முடிந்ததும் வேலை தேட 18 மாதம் தருகிறார்கள். அந்த 18 மாதத்தில் உட்கார்ந்து மொழி படிக்காதீர்கள், இங்கே இருக்கும்போதே ஜெர்மன் மொழியில் ஏ2 (இரண்டாம் நிலை) வரையாவது முடித்துவிட்டுக் கிளம்புங்கள்.

யுகேயில் மாஸ்டர்ஸ் ஒரே வருடம். சீக்கிரம் முடிவது லாபம் மாதிரித் தெரியும், ஆனால் செப்டம்பரில் இறங்கி, ஊர் பழகி, பஸ் ரூட் தெரிவதற்குள் நல்ல கம்பெனிகளின் கிராஜுவேட் வேலைகளுக்கு விண்ணப்பிக்கும் நேரம் வந்துவிடும். கட்டணம் போக, வாழ்க்கைச் செலவுக்கு லண்டனில் மாதம் 1,529 பவுண்டு, வெளியே 1,171 பவுண்டு என்று ஒன்பது மாதத்துக்குக் காட்ட வேண்டும் (2025 நவம்பரில் இருந்து இந்தக் கணக்கு). படித்த பிறகு தங்கும் கிராஜுவேட் விசா இதுவரை இரண்டு வருடம், 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிக்கிறவர்களுக்கு 18 மாதம்தான். அது முடிந்தும் தங்க வேண்டும் என்றால் ஸ்பான்சர் செய்கிற முதலாளி வேண்டும், சம்பளமும் பொதுவாக வருடத்துக்கு 41,700 பவுண்டு இருக்க வேண்டும், புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு 33,400. திருமணமானவர்கள் கவனிக்க: 2024 ஜனவரியில் இருந்து சாதாரண மாஸ்டர்ஸ் மாணவர்கள் துணையை அழைத்துப் போக முடியாது.

அயர்லாந்தில் மாஸ்டர்ஸ் முடித்தவர்களுக்கு முதலில் ஒரு வருடம், பிறகு இன்னொரு வருடம் என்று மொத்தம் இரண்டு வருடம் தங்க அனுமதி. மென்பொருள், மருந்துத் துறைக்கு நல்ல இடம். டப்ளினில் வீட்டு வாடகை மட்டும் ஆளை விழுங்கிவிடும், கார்க், லிமரிக் பக்கமும் பாருங்கள்.

அமெரிக்காவை நான் கடைசியில் வைப்பதற்குக் காரணம் லோன் தொகைதான். ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) படிப்பு என்றால் 12 மாதமும் கூடுதலாக 24 மாதமும், ஆக மூன்று வருடம் வேலை பார்க்கலாம், சம்பளமும் வேறு எங்கேயும் இப்படி வராது. ஆனால் அதற்கு மேலும் வேலை பார்க்கப் பெரும்பாலானவர்கள் நம்பியிருக்கும் எச்-1பி விசாவுக்கான குலுக்கலில் வருடத்துக்கு மொத்தம் 85,000 இடங்கள், விதிகளும் மாறிக்கொண்டே இருக்கின்றன. வீட்டை அடமானம் வைத்துத்தான் போக முடியும் என்றால் நான் வேண்டாம் என்பேன். பாதிக் கட்டணமாவது உதவித்தொகையில் வந்தால் யோசிக்கலாம்.

கன்சல்டன்சிக்குப் போகிறவர்களுக்கு ஒரு விஷயம். நிறைய ஏஜென்ட்டுகளுக்கு மாணவரைச் சேர்த்துவிட்டால் பல்கலைக்கழகமே கமிஷன் தரும். ஜெர்மன் அரசுப் பல்கலைக்கழகங்கள் பொதுவாக அப்படித் தருவதில்லை. அதனால்தான் ஜெர்மனி என்று கேட்டுப் போனவரை 'தம்பி, ஜெர்மன் கஷ்டம், யுகே ஈஸி' என்று திருப்பிவிடுகிறார்கள். உங்களுக்கு நிஜமாகவே யுகே சரியாக இருக்கலாம், ஆனால் அந்தக் கணக்கை நீங்கள் போட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

தாளில் தவணை எழுதியாயிற்று என்றால், இரண்டு நாடுகளுக்கு மேல் வைத்துக்கொள்ளாதீர்கள், ஒவ்வொன்றிலும் நான்கைந்து படிப்புகளின் பாடத்திட்டத்தை அவர்கள் இணையதளத்திலேயே படியுங்கள், விசா தொகைகளை அந்தந்த அரசின் தளத்தில் மறுபடி சரிபாருங்கள். பட்டியலில் ஜெர்மனி இருந்தால் இந்திய மாணவர்களுக்குக் கட்டாயமான, உங்கள் கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்றிதழுக்கு இப்போதே விண்ணப்பியுங்கள், கட்டணம் 18,000 ரூபாய். அக்டோபரில் தொடங்கும் குளிர்கால செமஸ்டருக்குப் பல இடங்களில் ஜூலை 15 கடைசி நாள், சில இடங்களில் அதற்கும் முன்பே முடிந்துவிடும், இந்தச் சான்றிதழோ நாம் நினைக்கிற வேகத்தில் வராது.