மூலக்கூறைக் குளிர்விக்கும்போது அணுக் கணக்கு போட்டால் வரும் வினை

அணுக்களை லேசரால் குளிர்வித்து, அதாவது ஒளியால் தள்ளி வேகத்தைக் குறைத்துப் பழகியவர்கள் மூலக்கூறுகள் பக்கம் வரும்போது பழைய கணக்கையும் கையோடு கொண்டுவந்துவிடுகிறார்கள். சறுக்கல் அங்கேதான் ஆரம்பம்.

ஸ்ட்ரான்சியம் மோனோஃப்ளோரைடையே எடுத்துக்கொள்வோம். சிவப்பு லேசரின் ஒரு ஃபோட்டான் (ஒளித்துகள்) அந்த மூலக்கூறின் வேகத்தை நொடிக்கு அரை சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமாகக் குறைக்கும். நொடிக்கு 140 மீட்டரில் வருவதை நிறுத்த ஏறத்தாழ 25,000 ஃபோட்டான்கள் வேண்டும். ஆனால் ஒவ்வொரு முறை ஒளியை உமிழும்போதும், சுமார் 2 சதவீத வாய்ப்பில் அது வேறோர் அதிர்வு நிலைக்கு நழுவிவிடும். அங்கே போனதை நம் லேசர் கண்டுகொள்ளாது. ஒரே லேசரை நம்பினால் ஐம்பது ஃபோட்டானிலேயே ஆட்டம் முடிந்துவிடும். நழுவியதைத் திருப்பிக் கொண்டுவரத் தனி லேசர்கள் தேவை. 2010-இல் யேல் பல்கலைக்கழகக் குழு இந்த மூலக்கூறை லேசரால் குளிர்வித்தபோது மொத்தம் மூன்று லேசர்களைப் பயன்படுத்தியது. "கசிவு ஆயிரத்தில் ஒன்றுதானே" என்று விட்டுவிடுவதும் ஆபத்து: 10,000 ஃபோட்டானுக்குப் பிறகு லட்சத்தில் நான்கைந்துதான் மிஞ்சும்.

மூலக்கூறு சுழலவும் செய்யும்; வேறு சுழற்சி நிலைக்கு நழுவுவதை அடைக்க ஒரு தந்திரம் உண்டு. கீழ் ஆற்றல்மட்டத்தில் சுழற்சி எண் (சுழற்சி நிலையைக் குறிக்கும் எண்) 1, மேல்மட்டத்தில் 0 என்று தேர்ந்தால் போதும். சரி, அதோடு வேலை முடிந்ததா? இல்லை. அந்த அமைப்பிலேயே ஒளியை உறிஞ்சாத இருள் நிலைகள் வந்துவிடும். காந்தப்புலமோ, ஒளியின் முனைவாக்கத்தை (ஒளியலை அதிரும் திசையை) மாற்றிக்கொண்டே இருப்பதோ இல்லாவிட்டால் மூலக்கூறுகள் அங்கேயே உட்கார்ந்துகொள்ளும்.

அப்புறம், மெதுவாக்குவதைக் குளிர்வித்தல் என்று நினைப்பது. மாறும் மின்புலத்தால் ஒரு கற்றையை நிறுத்தலாம். ஆனால் அதற்குள் இருக்கும் வேகச் சிதறல் அப்படியே இருக்கும். வெப்பநிலை என்பது அந்தச் சிதறல்தான்.

எனக்கு மிகவும் சுவாரசியமான தவறு கடைசியில் வருகிறது. குளிர்ந்த மூலக்கூறுகளைப் பிடித்துவைக்கும் பொறியில் அவை குறைந்தால் உடனே வெற்றிடத்தைக் குறை சொல்வார்கள். அதற்கு முன் பாதி அடர்த்தியில் ஒருமுறை நிரப்பிப் பாருங்கள். பாதியாகத் தேய அதே நேரம் பிடித்தால் பழி வெற்றிடத்தில் எஞ்சிய வாயுவுக்கு. அதிக நேரம் பிடித்தால் மூலக்கூறுகள் ஒன்றையொன்று காலி செய்கின்றன. இவ்வளவு குளிரில் வேதிவினை உறைந்துவிடும் என்பது வெறும் நம்பிக்கை. பொட்டாசியம்-ருபிடியம் மூலக்கூறுகள் நானோகெல்வினிலும் மோதி வினைபுரிகின்றன. பொறியின் ஆழம் மைக்ரோகெல்வின் அளவு, வினையில் வெளிவரும் ஆற்றலோ கெல்வின் கணக்கில்; அதனால் வினைபுரிந்தவை பொறியில் தங்காது. வினையே புரிய முடியாத சோடியம்-ருபிடியம் போன்றவையும் மோதிக் காணாமல் போகின்றன.

அதனால்தான் இப்போது நுண்ணலைகளால் மூலக்கூறுகளை ஒன்றையொன்று நெருங்கவிடாமல் தள்ளிவைக்கிறார்கள். கொலம்பியா பல்கலைக்கழகக் குழு சோடியம்-சீசியம் மூலக்கூறுகளை போஸ்-ஐன்ஸ்டைன் செறிவுநிலைக்கு (பல துகள்கள் ஒரே குவாண்டம் நிலையில் சேரும் நிலைக்கு) கொண்டுவந்ததும் இந்தக் கவசத்தோடுதான். அந்த முடிவு 2024-இல் வெளியானது.