வில்லும் அம்புமாக கிரவுஸ் வேட்டை: முதல்முறை போகிறவர்களுக்கு

இந்தியாவில் இதை முயற்சி செய்ய வேண்டாம். 1972-ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி கௌதாரி, காடையை வேட்டையாடுவதே குற்றம். கையில் துப்பாக்கியா வில்லா என்ற பேச்சுக்கே இடமில்லை. இங்கே சொல்வது அமெரிக்காவின் மின்னசோட்டாவில் உரிமம் வாங்கி ஆடும் ரஃப்டு கிரவுஸ் வேட்டை. கௌதாரியின் சொந்தக்காரப் பறவைதான், உருவம் மட்டும் பெரிது. அரைக் கிலோவுக்கு மேல் இருக்கும்.

உரிமம். சிறு விலங்கு, பறவை வேட்டைக்கான உரிமம் வேண்டும். 1979-க்குப் பிறகு பிறந்தவர்கள் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழும் காட்ட வேண்டும். பருவம் செப்டம்பர் நடுவில் தொடங்கி ஜனவரி தொடக்கத்தில் முடிகிறது. ஒரு நாளைக்கு ஒருவருக்கு 5 பறவைகள். விதிகள் மாறக்கூடியவை என்பதால் அந்த ஆண்டின் விதிப் புத்தகத்தைப் பார்த்துவிடுங்கள்.

வில், அம்பு. 35 முதல் 45 பவுண்டு இழுவிசை உள்ள ரிகர்வ் வில் (நுனிகள் முன்பக்கம் வளைந்த வில்) தாராளம். மான் வேட்டைக்கான கூர்முனை வேண்டாம். அது இறைச்சியைக் கிழிக்கும், தரையில் பட்டதும் மழுங்கும். ரப்பர் மொட்டை முனையோ ஜூடோ முனையோ போடுங்கள். ஜூடோ முனையில் நாலு பக்கமும் சின்னக் கம்பிக் கைகள் நீட்டிக்கொண்டிருக்கும். குறி தவறினாலும் அவை புல்லில் மாட்டி அம்பை நிறுத்திவிடும். இல்லாவிட்டால் அம்பு சருகுக்கடியில் புகுந்து காணாமல் போகும். ஃப்ளூ-ஃப்ளூ என்று பெரிய இறகுகள் வைத்த அம்பும் உண்டு. காற்று பிடித்துச் சீக்கிரமே வேகம் குறைந்து விழுந்துவிடும். மேல்நோக்கி எய்வதற்கு அதுதான் சரி.

பயிற்சி. மைதானத்து வட்டப் பலகை மட்டும் போதாது. காட்டுக்குள் நடந்து, மக்கிப்போன மரக்கட்டை, தனியாகக் கிடக்கும் இலை என்று கண்ணில் பட்டதை எய்து பழகுங்கள். மண்டியிட்டு, கிளைக்கு அடியில் குனிந்து, 10 முதல் 15 கஜத்தில். ஒவ்வொரு அம்பும் வேறு தூரம், வேறு சாய்வு. இந்த ஒரு பழக்கம் போதும், பாதி வேட்டை கைக்கு வந்த மாதிரி.

தேடும் இடம். இளம் ஆஸ்பென் (பாப்லர் வகை) மரங்கள் நெருக்கமாக நிற்கும் காடு. காலையிலும் சாயங்காலத்திலும் பறவை சரளைப் பாதையோரத்துக்கு வந்து கல் பொறுக்கும், குளோவர் என்ற மூவிலைச் செடியின் இலை கொத்தும். அக்டோபரில் இலை உதிர்ந்த பிறகு போனால் கண்ணுக்குத் தென்படும். செப்டம்பரில் பச்சைக்குள் இறக்கைச் சத்தம் மட்டும்தான் மிஞ்சும்.

நெருங்குவது. வேட்டையே இங்கேதான். பறவையைக் கண்டதும் சட்டென்று நிற்காதீர்கள். நடந்துகொண்டிருந்தவன் நின்றால் அதற்குச் சந்தேகம் வந்துவிடும், படாரென்று கிளம்பிவிடும். நேராகவும் போகாதீர்கள். வேறெங்கோ போகிறவர் மாதிரி சாய்வாக நடந்து, இடையில் ஒரு மரம் மறைக்கும் நேரத்தில் நாணை இழுங்கள். வாலையும் பாருங்கள்: ரஃப்டு கிரவுஸுக்கு விசிறி வாலின் நுனிக்குச் சற்று முன்னால் கறுப்புப் பட்டை, இன்னொரு வகையான ஸ்ப்ரூஸ் கிரவுஸுக்குக் கறுத்த வால், நுனியில் பழுப்பு. மின்னசோட்டாவில் இரண்டுக்கும் அனுமதி உண்டு, பக்கத்து விஸ்கான்சினில் ஸ்ப்ரூஸ் கிரவுஸைத் தொடவே கூடாது.

எய்வது. நிற்கும் பறவை மட்டும். பறப்பதை எய்வது அழகாகத்தான் இருக்கும், ஆனால் புதியவர் கையில் அது காயம்பட்ட பறவையில்தான் முடியும். இறக்கை உடலோடு சேரும் இடத்தைக் குறி பாருங்கள். மொட்டை முனை அதிர்ச்சியால்தான் கொல்லும், வால் பக்கம் பட்டால் பயனில்லை. பறவைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாவிட்டால் எய்யாமல் நாணை மெதுவாகத் தளர்த்திவிடுங்கள். காட்டில் வேறு வேட்டைக்காரர்களும் இருப்பார்கள். பளிச்சென்ற ஆரஞ்சுச் சட்டை போடுங்கள்.

சுத்தம் செய்வது. சூடு ஆறுவதற்குள் செய்துவிட்டால் கத்தியே வேண்டாம். பறவையை மல்லாத்தி, இரண்டு இறக்கைகள் மேலும் உடலை ஒட்டி உங்கள் பாதங்களை வைத்து, அதன் கால்கள் இரண்டையும் பிடித்து மெதுவாக, விடாமல் மேலே இழுங்கள். நெஞ்சுக்கறி இறக்கைகளோடு தரையில் தங்கிவிடும், மீதி கையோடு வரும். தொடைக்கறியையும் எடுத்துக்கொள்ளுங்கள், பலர் வீணாக எறிகிறார்கள். நெஞ்சுக்கறியில் கொழுப்பே இல்லை. அதிகம் வேகவிட்டால் சக்கையாகிவிடும்.

அப்புறம், கழுத்தடியில் உள்ள தீனிப்பையைக் கிழித்துப் பாருங்கள். குளோவர் இலை இருந்தால் மறுநாளும் பாதையோரம். மொட்டுகளாக இருந்தால் ஆஸ்பென் கிளைகளை அண்ணாந்து பார்த்து நடங்கள்.