ஏற்காட்டுச் சர்ச்சில் ஆங்கிலிக்கன் சான்ட்டைப் பதிவு செய்ய

ஆங்கிலிக்கன் சான்ட் என்பது சங்கீத வசனங்களைப் பேச்சின் ஓட்டத்தில் நாலு குரலில் பாடும் ஆங்கிலத் திருச்சபை முறை. இதில் வசனம்தான் முதலாளி. ஒரு வசனத்துக்கான ஒற்றைச் சான்ட் என்பது 7 பார் (கோடுகளுக்கு இடைப்பட்ட கட்டம்), 10 சுரக்கூட்டு (நாலு குரலும் சேர்ந்தொலிக்கும் சுரங்கள்). வசனத்தின் முதல் பாதிக்கு 4, மறுபாதிக்கு 6. ஒவ்வொரு பாதியின் முதல் கூட்டிலும் எத்தனை அசை வந்தாலும் பேசுவதுபோல ஓதிவிட்டு, மீதிச் சுரங்களில் இறங்கி முடிக்க வேண்டும். 23ஆம் சங்கீதத்தைப் பென்சிலால் இப்படிக் கோடிடலாம்:

கர்த்தர் என் மேய்ப்பராயி | ருக் கி | றார் :
நான் | தாழ்ச் சி | ய டை | யேன்

மறுபாதி ஆறு அசை, ஆறு சுரம். அளந்து தைத்த சட்டை. தமிழில் வினைமுற்று கடைசியில் வருவதால் றார், யேன் போன்ற நெடில்கள் பெரும்பாலும் முடிவுச் சுரத்திலேயே விழுகின்றன. இது நமக்கு வசதி. கெடுவது ஓதும் இடத்தில்தான்: மேய்ப்பராயி வரை தடதடவென்று ஓடி, ருக்-கி-றார் என்று காலை இழுப்பார்கள். சுரம் இல்லாமல் வசனத்தை மட்டும் சேர்ந்து மூன்று முறை வாசித்து, அதே வேகத்தில் பாடச் சொல்லுங்கள். முக்காற்புள்ளியில் எல்லாரும் ஒன்றாக மூச்சு எடுக்க வேண்டும்.

கடைசி ர், ன் இரண்டையும் கைச்சைகையில் மூடுங்கள். இருபது பேர் இருபது நேரத்தில் 'ர்' சொன்னால், பெஞ்சில் இருப்பவருக்குத் தெரியாது, மைக் காட்டிக்கொடுத்துவிடும். குரலில் கமகம் வேண்டாம், நடுக்கமும் வேண்டாம். கீர்த்தனை பாடிப் பழகிய தொண்டைக்கு இது சிரமம்தான், ஆனால் நேர்க்குரல் இல்லாமல் நாலு குரல் கூட்டு துலங்காது.

பாடகர்கள் இரண்டு வரிசையாக எதிரெதிரே நிற்கட்டும்: தெற்கு வரிசைக்கு டெக்கனை என்று பெயர், வடக்கு வரிசைக்குக் கன்டோரிஸ். வரிசைகளின் மேற்கு முனைக்குச் சற்று வெளியே, 3 மீட்டர் உயரத்தில் இரண்டு கார்டியாய்டு மைக் (முன்பக்க ஒலியை அதிகம் வாங்குபவை), மைக் தலைகளுக்கு நடுவே 17 செ.மீ., கோணம் 110 டிகிரி, முகம் பீடத்தைப் பார்த்து. கேட்பவருக்கு டெக்கனை வலப்பக்கம் வரும். வரிசைகளுக்குள்ளே நுழைத்து வைத்தால் நடுவில் ஓட்டை விழும். ஒரு முறை கை தட்டிப் பாருங்கள்; எதிரொலி வசனத்தை விழுங்கினால் அரை மீட்டர் முன்னே தள்ளுங்கள், பாட்டு வறண்டு கேட்டால் பின்னே. 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் போதும். முதல் வசனத்தை வைத்து ஒலியளவு பிடிக்காதீர்கள். சோப்ரானோ உச்சத்துக்குப் போகும், சங்கீத முடிவில் வரும் திரித்துவத் துதியில் மீட்டர் மைனஸ் 12 டெசிபெல்லைத் தொட்டால் சரி.

துணைக்கு இசைக்கருவி இல்லாவிட்டால் சுருதி இறங்கும், அதிலும் ஒரே சுரத்தில் ஓதும்போது. ஒவ்வொரு டேக் முடிந்ததும் கீபோர்டில் சரிபாருங்கள். கால் சுரம் இறங்கியிருந்தால் அந்தச் சங்கீதம் முழுவதையும் மறுபடி. நடுவில் ஒட்டுப்போட்டால் படிக்கட்டு தெரியும். அரைச் சுரம் ஏற்றிப் பாடவைத்தால் பல கொயர்கள் நின்றுவிடுகின்றன. குழாய் ஆர்கன் இருந்தால் வேறு தொல்லை: வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் ஏற சுருதி சுமார் 3 சென்ட் ஏறும் (சென்ட் என்பது அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்கு). பனிமூட்டக் காலையில் எடுத்ததும் வெயில் ஏறிய மதியம் எடுத்ததும் ஒட்டாது.

நாள் பார்த்துப் போங்கள். சனி, ஞாயிறிலும் மே மாதக் கோடை விழாவிலும் சேலத்திலிருந்து 20 கொண்டையூசி வளைவும் ஏறிவரும் வண்டிச் சத்தம் பதிவுக்குள்ளேயே இருக்கும். வாரநாள் காலை நல்லது. தகரக் கூரை என்றால் மழைநாள் வேண்டவே வேண்டாம். சேலத்துச் சர்ச்சில் எடுப்பவர்கள் மின்விசிறியை அணைத்துவிட்டுப் புழுக்கத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். ஏற்காட்டில் இரவு முழுதும் குளிர்ந்த மைக்கை ஆள் நிறைந்த ஆலயத்துக்குள் திடீரென்று திறந்தால் ஈரம் படிந்து பொரியும். ஒரு மணி நேரம் முன்பே உள்ளே கொண்டுபோய், மூடிய பெட்டியிலேயே சிலிக்கா ஜெல்லோடு வைத்திருங்கள்.

கடைசிச் சுரம் நின்றதும் யாரும் புத்தகத்தை மூடக் கூடாது. எதிரொலி முழுதும் அடங்கி, அதற்கு மேலும் 10 விநாடி பதிவு ஓடட்டும். இரைச்சல் நீக்கும் மென்பொருள் அந்த வாலைத்தான் முதலில் தின்னும், அதைத் தொடாதீர்கள். ஒட்ட நேர்ந்தால் முக்காற்புள்ளி மூச்சில் வெட்டாமல், அடுத்த வசனத்தின் முதல் மெய்யெழுத்துக்குச் சற்று முன் வெட்டுங்கள்.