'அரசாங்கம் மறைக்குது' என்று ஒரு செய்தி வந்தால் என்ன செய்வது

2016 நவம்பரில் புது 2000 ரூபாய் நோட்டு வந்த புதிதில் என் பெரியப்பா ஒரு நோட்டை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே நானோ ஜிபிஎஸ் சிப் இருக்கிறது, 120 மீட்டர் ஆழத்தில் புதைத்தாலும் சாட்டிலைட் கண்டுபிடித்துவிடும் என்று வாட்ஸ்அப்பில் வந்திருந்தது, சில டிவி சேனல்களும் அதையே சொல்லின. அவர் விரலால் தடவிக் காட்டிய இடத்தில் இருந்தது வழக்கமான பாதுகாப்பு இழை. "இதெல்லாம் புரளி பெரியப்பா" என்றேன். "அப்ப அரசாங்கம் நம்மகிட்ட எதையுமே மறைச்சதில்லையா?" என்று கேட்டார். வாயடைத்துப் போனேன்.

முதல் வேலை, அந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்வது. மறைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் அலபாமா மாநிலத்து டஸ்கீகியில் 1932-ல் அரசின் பொதுச் சுகாதாரத் துறை சுமார் 600 கறுப்பின ஆண்களைச் சேர்த்தது. அவர்களில் 399 பேருக்கு சிபிலிஸ் என்ற பாலியல் நோய் இருந்தது. அவர்களிடம் அதைச் சொல்லவில்லை, 'கெட்ட ரத்தம்', வைத்தியம் பார்க்கிறோம் என்று மட்டும் சொன்னார்கள். 1940-களின் கடைசியில் பென்சிலின் அந்த நோய்க்கு வழக்கமான மருந்தாகிவிட்ட பிறகும் கொடுக்கவில்லை, நோய் எப்படி முற்றுகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள். 40 வருஷம்! இதைப் படித்த யாருக்கும் அரசாங்கத்தின் மேல் சந்தேகம் வருவது தப்பே இல்லை. ஆனால் அது எப்படி வெளியே வந்தது என்பதையும் பாருங்கள். அந்த ஆய்வைப் பற்றி 1936-லிருந்தே மருத்துவ இதழ்களில் கட்டுரைகள் வந்திருந்தன. அதே துறையில் வேலை பார்த்த பீட்டர் பக்ஸ்டன் 1966-ல் புகார் கொடுத்தார், யாரும் கண்டுகொள்ளவில்லை, கடைசியில் அவர் தந்த ஆவணங்களை வைத்து 1972-ல் அசோசியேட்டட் பிரஸ் செய்தி வெளியிட்டது, அந்த வருஷமே ஆய்வு நின்றது. ஆக அங்கே துறையின் பெயர் இருந்தது, ஊர் இருந்தது, காகிதம் இருந்தது, தன் பெயரோடு முன்னால் வந்து பேசிய ஒரு ஆள் இருந்தார்.

சரி, உங்களுக்கு வந்த செய்தியில் இவையெல்லாம் இருக்கின்றனவா? அதை ஒரே வரியில் எழுதிப் பாருங்கள்: யார், எங்கே, எப்போது, எதை, எப்படிச் செய்தார்கள். 'அவங்க', 'மேலிடம்', 'பெரிய பெரிய ஆளுங்க' என்று மட்டுமே எழுத முடிகிறது என்றால் சரிபார்க்க அதில் ஒன்றுமே இல்லை, அதைப் பகிராமல் வைத்துவிடுங்கள்.

அடுத்தது, அந்த 'எப்படி'யைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஜிபிஎஸ் சிப் சாட்டிலைட்டிலிருந்து வரும் சிக்னலை வாங்கத்தான் செய்யும், தான் இருக்கும் இடத்தைத் திருப்பிச் சொல்ல வேண்டுமானால் தனியாக டிரான்ஸ்மிட்டரும் மின்சாரமும் வேண்டும். காகித நோட்டுக்குள் பேட்டரி எங்கே வைப்பது? பெரியப்பாவையே அவருடைய போனோடு ஒரு கடையின் அடித்தள பார்க்கிங்குக்குக் கூட்டிப்போய் மேப்பைத் திறக்கச் சொன்னேன், நீலப்புள்ளி தடுமாறியது. ரிசர்வ் வங்கி மறுத்ததைவிட அந்த நீலப்புள்ளிதான் அவரை யோசிக்க வைத்தது.

மறுப்பைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 'மறுக்கிறார்கள், அப்படியென்றால் உண்மைதான்' என்று ஆரம்பித்துவிட்டால் அதற்கு முடிவே கிடையாது, மறுத்தாலும் சாட்சி, மறுக்காவிட்டாலும் சாட்சி. அதே சமயம் அரசாங்கம் மறுத்துவிட்டது என்பதை மட்டும் வைத்து விஷயத்தை மூடிவிடவும் கூடாது, அதுவும் இதில் ஒரு தரப்புதானே.

அப்புறம், பணம் போன வழியைத் தேடுங்கள். மனிதர்களின் மனதைக் கட்டுப்படுத்த முடியுமா என்று அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏ 1953-ல் தொடங்கிய எம்கே அல்ட்ரா திட்டத்தின் கோப்புகளை 1973-ல் அதன் தலைவர் ரிச்சர்ட் ஹெல்ம்ஸ் அழிக்கச் சொன்னார். ஆனாலும் கணக்கு வழக்குகளோடு வேறு இடத்தில் கிடந்த சுமார் 20,000 பக்கங்கள் தப்பி, தகவல் கேட்டுப் போடப்பட்ட ஒரு மனுவால் 1977-ல் வெளியே வந்தன. எங்கோ ஒருவர் பில் போட்டிருப்பார், ஒருவர் கையெழுத்துப் போட்டிருப்பார்.

அந்த வழி நமக்கும் இருக்கிறது. 2005-ல் வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டணத்தோடு அந்தத் துறையின் பொதுத் தகவல் அலுவலருக்கு மனு எழுதுங்கள். 'ஏன் இப்படிச் செய்தீர்கள்' என்று கேட்டால் தட்டிக்கழித்துவிடுவார்கள், இன்ன தேதி ஆணையின் நகல், இன்ன ஒப்பந்தத்தின் நகல் என்று கேளுங்கள். பொதுவாக 30 நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் மேல்முறையீடு செய்யலாம்.

சில செய்திகளுக்கு 30 நாள் காத்திருக்க முடியாது. 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி போட ஆரம்பித்ததும் குழந்தைகளுக்கு ஆபத்து என்று வாட்ஸ்அப் பூராவும் பரவியது, நிறையப் பெற்றோர் மறுத்தார்கள், முகாமை மார்ச் வரை நீட்டிக்க வேண்டியதாயிற்று. இப்படி உடம்பு சம்பந்தப்பட்டது வந்தால் குரூப்பில் கேட்காதீர்கள், உங்கள் குழந்தைக்கு எப்போதும் பார்க்கும் டாக்டரிடம் அன்றைக்கே நேரில் கேளுங்கள்.

இதை நம்புகிறவர் வீட்டுப் பெரியவராக இருந்தால் எல்லோரும் பார்க்கிற குரூப்பில் திருத்தாதீர்கள். போன் பண்ணுங்கள், இதில் எந்த இடம் அவரைப் பயமுறுத்தியது என்று கேளுங்கள், குறுக்கே பேசாமல் கேளுங்கள். பெரியப்பா பயந்தது சிப்புக்கு இல்லை. பெரியம்மா அரிசி டப்பாவில் சேர்த்து வைத்திருந்த பழைய 500 ரூபாய் நோட்டுகளை எந்த வங்கி வரிசையில் நின்று மாற்றுவது என்றுதான் அவர் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார்.